அப்பா வாங்கிய அடியும் அண்ணனின் தள்ளாட்டமும்

எங்கள் அண்ணன் எங்களை விட்டுப் பிரிந்து ஓராண்டு நிறைகிறது. படத்திறப்புக்கு வரும் உறவினர்கள், நண்பர்கள் கையில் கொடுப்பதற்காக இந்த மலரைக் கொண்டுவருகிறோம். தங்கை என்ற முறையில் அண்ணனைப் பற்றி எழுதும் பொறுப்பு எனக்கு வந்தது. நான் எழுதுகிறேன் என்று தெரிந்ததுமே சித்தப்பா ஆள் அனுப்பினார். "நாலு பேரு படிக்கிறது. நல்லத மட்டும் எழுதச் சொல்லு" என்றாராம். அண்ணனைப் பற்றி எழுதக் கெட்டது ஒன்றும் என்னிடம் இல்லை. சித்தப்பா பயப்படுவது வேறு.

தை பிறந்தால் அண்ணன் மகனுக்கும் என் மகளுக்கும் திருமணம் என்று ஊரெல்லாம் சொல்லி வைத்திருந்தோம். அது நின்றுவிட்டது. ஏன் நின்றது என்று ஆளுக்கொன்று பேசுகிறீர்கள். நகை விஷயமாம். அண்ணிக்கும் எனக்கும் ஆகாதாம். இந்த மலரின் அட்டையில் இருக்கும் படத்தை அண்ணியும் நானும் ஒரே பாயில் உட்கார்ந்துதான் தேர்ந்தெடுத்தோம். காரணம் அதுவல்ல. அதைச் சொல்லாமல் அண்ணனின் வாழ்க்கையை எழுத எனக்கு வழி தெரியவில்லை.

கீழ்வேளூருக்குக் கிழக்கே, வாய்க்கால் கரையோரம் இருக்கும் எங்கள் தெருவில் அண்ணன் மூத்த பிள்ளையாகப் பிறந்தார். அப்பாவும் அம்மாவும் பண்ணையில் வேலை செய்தவர்கள். குடிசை நின்ற மனையும் பண்ணைக்குச் சொந்தம். பிள்ளை பள்ளிக்கூடம் போனால் மாடு யார் மேய்ப்பது என்று பண்ணையில் கேட்ட காலத்தில் அப்பா பிடிவாதமாக அண்ணனைப் பள்ளியில் சேர்த்தார். அண்ணன் பத்தாவது வரை படித்தார். எங்கள் தெருவில் அவ்வளவு படித்த முதல் ஆள் அவர்தான்.

அறுவடைக் கூலி நெல்லைக் கொஞ்சம் ஏற்றிக் கொடுக்கச் சொல்லி விவசாயத் தொழிலாளர் சங்கம் கேட்ட வருடங்கள் அவை. அப்பா முன்னால் நின்றார். முன்னால் நின்றவரைக் களத்து மேட்டில் வைத்துப் பண்ணையின் ஆட்கள் தடியால் அடித்தார்கள். இடுப்பிலும் காலிலும் விழுந்த அடி. நான் அப்போது சின்னப் பெண். அம்மாவின் சேலைக்குள் முகத்தைப் புதைத்துக்கொண்டது மட்டும் நினைவிருக்கிறது. அண்ணன் பார்த்தார். அப்பாவைக் கட்டிலில் போட்டுத் தூக்கி வந்தவர்களில் அவரும் ஒருவர். அப்பா சில மாதங்களில் எழுந்து நடந்தார். மறுபடி வேலைக்கும் போனார். கூலியும் ஏறியது.

ஆட்சி மாறியது. குடியிருந்த மனைக்குப் பட்டா வந்தது. நில உச்சவரம்புச் சட்டத்தில் எடுத்த நிலத்தில் மூன்று மா, அதாவது ஒரு ஏக்கர், எங்களுக்குக் கிடைத்தது. சொந்த வரப்பில் அப்பா நடந்த முதல் நாள் தெருவே கூடிப் பார்த்தது. ஆனால் அதற்குள் அவருக்குக் கால் தடுமாறத் தொடங்கியிருந்தது. வரப்பில் நடக்கும்போது ஒரு பக்கமாகச் சாய்ந்து சேற்றில் கால் வைப்பார். பிறகு பேச்சு குழறியது. கை நடுங்கியது. யாருக்கும் சந்தேகமே வரவில்லை. அடி வாங்கிய கால், அப்படித்தான் இருக்கும் என்றோம். சங்கக் கூட்டங்களில் இரண்டு பேர் கைத்தாங்கலாக அப்பாவை மேடை ஏற்றுவார்கள். கைதட்டல் அடங்க நேரமாகும். அந்தத் தள்ளாட்டம் எங்களுக்குப் பெருமையாக இருந்தது. அவர் பிள்ளைகள் என்று சொல்லித்தான் எங்கள் இருவருக்கும் நல்ல இடத்தில் சம்பந்தம் வந்தது.

அப்பாவின் தங்கை, எங்கள் அத்தை, நாற்பதைத் தாண்டியதும் அதேபோல் தள்ளாடினார். அவரை யாரும் அடிக்கவில்லை. அதனால் என்ன, அப்பா அடிபட்டதைக் கண்ணால் பார்த்த அதிர்ச்சி என்று சொல்லிவிட்டோம். காரணம் கண்டுபிடிப்பதில் எங்கள் குடும்பத்தை மிஞ்ச ஆள் கிடையாது.

அண்ணனுக்கு லஸ்கர் வேலை கிடைத்தது. மேட்டூரில் தண்ணீர் திறந்தால் எங்கள் பக்கத்து மதகுகளின் பலகையை ஏற்றி இறக்குவது, கரையைச் சுற்றி வந்து உடைப்புப் பார்ப்பது அவர் வேலை. முறைத் தண்ணீரில் யாருக்கும் ஒரு நாழிகை கூட்டியோ குறைத்தோ விடமாட்டார். பண்ணையின் பேரன் வந்து கேட்டாலும் அதே பதில், சொந்தச் சித்தப்பா வந்து கேட்டாலும் அதே பதில். வலங்கைமான் பக்கத்திலிருந்து அண்ணி வந்தார். ஒரு மகன் பிறந்தான். எனக்கு மகள் பிறந்தபோது அண்ணன் நான் வாழ்க்கைப்பட்ட பேராவூரணிக்கு வந்து, தொட்டிலில் கிடந்தவள் கையில் வளையலைப் போட்டு, "மருமவளே, மாமன் வீட்டுக்கு வந்துருவீங்களா?" என்று கேட்டார். அன்றிலிருந்து அவளைப் பெயர் சொல்லி அழைத்ததே இல்லை.

அப்பாவுக்கு வந்த வயதுகூட ஆகவில்லை, முப்பத்தைந்தைத் தாண்டியதுமே அண்ணனுக்குக் கால் பின்னத் தொடங்கியது. கரையில் நடக்கும்போது மரத்துக்கு மரம் பிடித்துக்கொண்டு போனார். அவரை யாரும் அடிக்கவும் இல்லை, பயமுறுத்தவும் இல்லை. ஆகவே குடி என்றார்கள். சாராயக் கடை இருந்த தெரு வழியாகப் போகப் பிடிக்காமல் சுற்றிப் போன மனிதர் அவர். யார் நம்பினார்கள்? நாக்கு வேறு குழறியது. ஒருநாள் பலகையை ஏற்றும்போது பிடி தவறி வாய்க்காலில் விழுந்தார். இழுத்துக் கரையில் போட்டவர்களே, "பகல்லயே இப்படியா?" என்று சிரித்தார்களாம். மேலே புகார் போனது. வேலையிலிருந்து நிறுத்தினார்கள்.

அதற்குப் பிறகு அண்ணனுக்கு ஒரு பழக்கம் வந்தது. யாரிடம் பேசப் போனாலும் முதலில் அவர்கள் முகத்துக்கு நேராக வாயைத் திறந்து ஊதுவார். "மோந்து பாத்துக்குங்க. அப்பறம் பேசுவோம்" என்பார். பஸ் கண்டக்டரிடம் ஊதினார். பெற்ற மகனின் ஆசிரியரிடம் ஊதினார். ஒருமுறை என் வாசலில் நின்று என்னிடமும் ஊதினார். நான் ரேஷன் கடையில் எடை போடுகிறவள், பத்து பேர் வாயை அடக்குகிறவள். அன்று அவரைக் கட்டிக்கொண்டு அழுதேன்.

அண்ணிதான் தஞ்சாவூரில் நரம்பியல் டாக்டரிடம் கூட்டிப் போனார். நானும் போனேன். அந்த டாக்டர் அம்மா அண்ணனை நடக்கச் சொன்னார், மூக்கைத் தொடச் சொன்னார். பிறகு குடும்பத்தில் வேறு யாருக்கு இப்படி என்று கேட்டார். அப்பா, அத்தை என்று சொன்னோம். அடியையும் அதிர்ச்சியையும் சேர்த்தே சொன்னோம். அவர் கேட்டுக்கொண்டு ரத்தம் எடுத்து வெளியூருக்கு அனுப்பினார். முடிவு வர வெகுநாள் ஆனது. வந்த பிறகு எங்களை உட்காரவைத்துப் பொறுமையாகச் சொன்னார்.

நம் உடம்பின் செல்களுக்குள் குரோமோசோம்கள் ஜோடி ஜோடியாக இருக்கின்றன. ஒவ்வொரு ஜோடியிலும் ஒன்று அப்பாவிடமிருந்து வருவது, இன்னொன்று அம்மாவிடமிருந்து. அவற்றில்தான் மரபணுக்கள் வரிசையாக இருக்கின்றன. அப்படி ஒரு மரபணுவில் மூன்றெழுத்துச் சொல் ஒன்று திரும்பத் திரும்ப எழுதப்பட்டிருக்கும். எல்லோருக்கும் அது உண்டு. ஓர் அளவோடு நின்றுவிடும். எங்கள் குடும்பத்தில் அது அளவு மீறி நீண்டுவிட்டது. அதனால் ஒரு புரதம் பிழையாக உருவாகி, உடம்பை நிலையாக நிறுத்தும் சிறுமூளையின் செல்கள் கொஞ்சம் கொஞ்சமாகச் செத்துப்போகின்றன. அப்பாவிடமிருந்து பிள்ளைக்குப் போகும்போது அந்தச் சொல் இன்னும் நீளலாம். நீள நீள நோயும் சின்ன வயதிலேயே வந்துவிடும். அப்பாவை விட அண்ணனுக்கு முன்னதாக வந்தது அதனால்தான்.

அண்ணன் குழறலாகக் கேட்டார். "அப்பாவ அடிச்சாங்களே, அதுலேர்ந்து வந்ததுங்களா?"

"அடியால மரபணு இப்படி மாறாதுங்க. உங்க அப்பா பொறக்கும்போதே அது அவர் உடம்புல இருந்தது."

"அடிக்காம விட்டுருந்தாலும் விழுந்திருப்பாரா?"

"விழுந்திருப்பாருங்க."

"எம் மவனுக்கு?"

"பாதிக்குப் பாதி. பூவா தலையா போடுற மாதிரி. ஒவ்வொரு புள்ளைக்கும் தனித்தனியாப் போடுறது. இதக் குணப்படுத்த மருந்து இன்னும் இல்ல."

திரும்பி வந்த பஸ்ஸில் அண்ணன் திருவாரூர் தாண்டிய பிறகு என்னைப் பார்த்து, "அப்ப அப்பா வாங்குன அடி எதுக்கும்மா?" என்றார். எனக்குத் தோன்றியதைச் சொன்னேன். "கூலி ஏறுச்சுல்ல அண்ணே. அந்த நெல்லத்தான நாம தின்னோம்." அவர் தலையை ஆட்டினார். ஒத்துக்கொண்டாரா, தலை தானாக ஆடியதா, தெரியவில்லை.

சித்தப்பாவிடம் சொன்னபோது அவர் முகத்தில் எள்ளும் கொள்ளும் வெடித்தது. "அடிச்சவனுக்கு வக்காலத்து வாங்குறியா? எங்கண்ணன் ரத்தத்துலயே கோளாறுன்னு சொல்லி அவன விடுவிக்கிறியா?" என்று நாக்கைப் பிடுங்கிக்கொள்வதுபோல் கேட்டார். அவர் கோபம் எனக்குப் புரிகிறது. சித்தப்பாவும் அன்று களத்தில் அடி வாங்கியவர். அவருக்கு இங்கே எல்லோர் முன்னிலையிலும் பதில் சொல்கிறேன். அடித்தது உண்மை. அது கொடுமை. அதை நாம் மறக்க வேண்டியதில்லை, மன்னிக்க வேண்டியதும் இல்லை. ஆனால் தள்ளாட்டம் அந்த அடியால் வந்ததல்ல. அடியைக் காட்டிக் காட்டியே நோயை மறைத்துவிட்டோம். அத்தையின் பிள்ளைகளுக்கு இன்றுவரை யாரும் சொல்லவில்லை. அவர்களும் இந்த மலரை வாங்குவார்கள்.

டாக்டரைப் பார்த்து வந்ததிலிருந்து நான் ஊருக்குப் போகும்போதெல்லாம் அண்ணன் என்னை வயலுக்குக் கூட்டிப் போகச் சொல்வார். மகன் தூக்கிப்போய் மோட்டார் கொட்டகை நிழலில் உட்காரவைப்பான். அண்ணன் எங்கள் மூன்று மாவின் நடு வரப்பைக் காட்டி, "நேரா நட" என்பார். நான் செருப்பைக் கழற்றிவிட்டு அந்தக் கோடிவரை நடந்து திரும்பி வருவேன். அவர் கண்கொத்திப் பாம்பாக என் காலையே பார்ப்பார். சாயாமல் வந்து சேர்ந்துவிட்டால் நடுங்கும் கைகளைச் சேர்த்துத் தட்டப் பார்ப்பார். ஒரு கை இன்னொரு கையைத் தொடாது. "உனக்கு இல்ல. எம் மருமவளுக்கும் இல்ல" என்பார். அதைக் கேட்கத்தான் நான் அந்த வரப்பில் நடந்தேன்.

கடைசி வருடம் படுக்கையில் கழிந்தது. நினைவு கடைசிவரை தெளிவாக இருந்தது. அதுதான் பெரிய கொடுமை. விழுங்க முடியாமல் போனது. அண்ணி கஞ்சியைக் கரண்டி கரண்டியாக, ஒரு வாய் இறங்கியதா என்று தொண்டையைப் பார்த்துப் பார்த்து ஊட்டினார். அப்படியும் ஒருநாள் புரையேறி நெஞ்சில் சளி கட்டியது. காய்ச்சல் வந்தது. அறுவடை முடிந்து வைக்கோல் காய்ந்துகொண்டிருந்த நாளில், மகன் மடியில் தலை வைத்தபடி அண்ணன் கண்ணை மூடினார். என்னிடம் கடைசியாக அவர் சொல்ல முயன்ற சொல் "நட" என்பது மட்டும் எனக்குப் புரிந்தது.

அவர் போன பிறகு, நடவு முடிந்த ஒரு காலையில் தனியாக அந்த வரப்பில் நடந்தேன். மழை இல்லை, வரப்பு காய்ந்து கிடந்தது. பாதி தூரத்தில் என் வலது கால் நாற்றின் மேல் போனது. திரும்பி வந்து மறுபடி நடந்தேன். மறுபடியும் போனது. கொட்டகையில் யாரும் இல்லை, நல்லவேளை என்று நினைத்தேன். பிறகு அதே டாக்டரிடம் தனியாகப் போய் ரத்தம் கொடுத்தேன். எனக்கும் இருக்கிறது.

திருமணம் நின்ற காரணம் இதுதான். அண்ணன் மகனுக்குப் பாதி, என் மகளுக்குப் பாதி. இருவரும் சேர்ந்தால் பிறக்கும் பிள்ளைக்கு இரண்டு பக்கத்திலிருந்தும் வரலாம். ரத்தம் கொடுத்துப் பாருங்கள் என்று அவர்களிடம் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. சொல்லாமல் இருக்கவும் முடியவில்லை. மருந்து இல்லாத நோயை முன்கூட்டியே தெரிந்துகொண்டு அந்தப் பிள்ளைகள் எத்தனை வருடம் தங்கள் காலையே பார்த்துக்கொண்டிருப்பது? என் மகள்தான் கடைசியில் சொன்னாள். "நாங்க கட்டிக்கிறதா வேணாமா, ரத்தம் குடுக்குறதா வேணாமான்னு நாங்க பேசிக்கிறோம்மா. நீங்க மறைக்காம எல்லாருக்கும் சொல்லுங்க. மாமாவ ஊதவெச்ச மாதிரி எங்கள ஊதவெக்காதீங்க." அண்ணியிடம் கேட்டேன். "எழுதும்மா" என்றார். அதனால் எழுதினேன்.

அண்ணனை இத்தனை வருடம் கைக்குழந்தைபோல் தாங்கிய அண்ணிக்கு எங்கள் குடும்பம் எதைக் கொடுத்தும் ஈடு செய்ய முடியாது. எங்களுக்குப் புரியும்வரை மறுபடி மறுபடி விளக்கிய தஞ்சாவூர் டாக்டர் அம்மாவுக்கும், அழைத்தபோதெல்லாம் வண்டி கொண்டுவந்த தெருப் பிள்ளைகளுக்கும், துக்கத்தில் தோள் கொடுத்த சங்கத் தோழர்களுக்கும், கோபத்தோடே வந்து அண்ணன் பாடையைத் தூக்கிய சித்தப்பாவுக்கும் எங்கள் நன்றி. அத்தையின் பிள்ளைகளுக்கு ஒரு வேண்டுகோள்: ஒருமுறை அந்த டாக்டரைப் போய்ப் பாருங்கள். துணைக்கு நான் வருகிறேன்.

படத்தைத் திறந்துவைக்க என்னை அழைப்பார்கள். பந்தலில் உங்கள் நாற்காலிகளுக்கு நடுவே நான் நடந்து போகவேண்டும். அப்போது என் கால் பின்னினால், பக்கத்தில் இருப்பவரிடம், "பாவம், அண்ணன் போன துக்கம்" என்று சொல்லிவிடாதீர்கள். துக்கம் நிறைய இருக்கிறது. கால் பின்னுவது அதனால் இல்லை.