ஒரு காலுக்குப் போதுமான இசை

கம்சாயினிக்கு வலது கால் முழங்காலுக்குக் கீழே இல்லை. வன்னியில் ஷெல் விழுந்தபோது அவளுக்குப் பதினாறு வயது. ஒக்லாந்துக்கு வந்தபின் பாட்டனி டவுன்ஸில் ஒரு மருந்துக் கடையில், செயற்கைக் காலோடு நாள் முழுக்க நின்று வேலை செய்தாள்.

கூட வேலை செய்தவளின் இறுதிச் சடங்குக்காக கிளென் ஈடனில் ஒரு தேவாலயத்துக்குப் போனபோதுதான் பைப் ஆர்கனை முதன்முதலாக நேரில் கேட்டாள். கீழ்ச்சுரங்கள் அவள் உட்கார்ந்திருந்த வாங்குப் பலகை வழியாக ஏறி நெஞ்சுக்குள் வந்து நின்றன. வாசித்த ரஷ்மி மதுரைக்காரி. அவளுடைய இரண்டு கால்களும் ஆர்கனின் அடியில் வரிசையாக இருந்த மிதிகட்டைகளை மாறிமாறி மிதித்துச் சுரம் எழுப்பின. கம்சாயினியால் அந்தக் கால்களிலிருந்து கண்ணை எடுக்க முடியவில்லை.

எல்லாரும் போனபின் அவளிடம் போய் நின்றாள்.

"எனக்கும் பழக்குவீங்களோ? சின்னனிலை ஆர்மோனியம் வாசிச்சனான். ஆனா எனக்கு ஒரு கால்தான்."

ரஷ்மி கொஞ்சம் யோசித்தாள். "பாஹ் எழுதின பெரிய பீஸெல்லாம் ஒரு காலால கஷ்டங்க. அவருக்கு முன்னாடி பாகெல்பெல்னு ஒருத்தர் இருந்தார். அவரோடதுல நிறைய, கை மட்டுமே போதும். சிலதுல கால் ஒரே சுரத்தை அழுத்திப் பிடிச்சிருக்கும், சுருதிப்பெட்டி மாதிரி. மேல கை ஓடும். அதுல ஆரம்பிப்போம்."

ஞாயிறு பின்னேரங்களில் கணவர் சோதிலிங்கம் காரில் கொண்டுபோய் விட்டார். "எங்கட கோயிலுக்குக் கூப்பிட்டா மட்டும் கால் நோகுது உமக்கு," என்பார். ஆனால் ஒருநாளும் பிந்தவில்லை.

"அந்தப் பாகெல்பெல் கொள்ளைநோயிலை மனுசியையும் பிள்ளையையும் பறிகுடுத்தவராம்," என்று ஒருநாள் வழியில் சொன்னாள். சோதிலிங்கம் ரேடியோவை நிறுத்திவிட்டு ஓட்டினார்.

இரண்டு குளிர்காலம் போனது. ஒரு ஞாயிறு ஆராதனை முடிவில் கம்சாயினி வாசித்தாள். இடது கால் அடிச்சுரத்தைப் பிடித்திருக்க, கைகள் பிசகாமல் ஓடி இறங்கின. தேநீருக்குப் போன சனங்களில் சிலர் நின்று கேட்டார்கள்.

பிறகு ரஷ்மி அதே இருக்கையில் இருந்து, இரண்டு காலாலும் மிதித்து, பாஹ் எழுதின ஒன்றை வாசிக்கத் தொடங்கினாள். பக்கத்தில் இருந்த கம்சாயினிக்கு, இல்லாத பாதத்தின் விரல்கள் மடங்கி நிமிர்ந்தன. ஒவ்வொரு கட்டையாக அந்தப் பாதம் தேடிப் போனது.

"என்ர வலது காலும் மிதிக்குது," என்றாள் மெதுவாக.

ரஷ்மியின் கைகள் தயங்கின. "நிறுத்தட்டுமா அக்கா?"

"வேண்டாம். வாசியுங்கோ."

கூட்டிப்போக வந்த சோதிலிங்கம் கதவடியில் கொஞ்சம் நின்று பார்த்தார். பிறகு உள்ளே வந்து கடைசி வாங்கில் உட்கார்ந்தார்.