நாலாயிரம் கிலோ

செபஸ்தியம்மாள் பத்தாம் வகுப்புக் கணக்கில் தொண்ணூற்றொன்று வாங்கியவள். அதற்குப் பிறகு முப்பது வருஷம் மல்லிகைச் செடிகளுக்கிடையே குனிந்தே கழிந்தது. கணவர் இறந்த வருஷமே கிணறும் வற்றிப்போக, போர் போடுவதற்கு நிலக்கோட்டைப் பூக்கடை ஈஸ்வரனிடம் எண்பதாயிரம் அட்வான்ஸ் வாங்கினாள். வட்டி கிடையாது. கொண்டுவரும் ஒவ்வொரு கிலோ பூவுக்கும் இருபது ரூபாய் கடனில் கழியும். தீரும்வரை பூ வேறு கடைக்குப் போகக் கூடாது. பக்கத்துக் கடையில் கிலோவுக்கு நாற்பது ஐம்பது கூடப் போனாலும், ஈஸ்வரன் வைத்ததுதான் அவளுக்கு விலை.

எப்போது தீரும் என்று கேட்டால் யாருக்கும் சொல்லத் தெரியவில்லை. சித்திரையில் பறித்து மாளாது. மார்கழிப் பனியில் கால் கிலோ தேறாது. வரைபடத் தாளில் மாதங்களைக் கீழே வைத்துக் கோடு போட்டுப் பார்த்தாள். கோணல்மாணலாக ஓடியது. பிறகுதான் மாதத்தைத் தூக்கிப் போட்டுவிட்டு அந்த இடத்தில் கிலோவை வைத்தாள். எண்பதாயிரத்தில் இருபது எக்ஸ் போனால் மீதிக் கடன். இப்போது நேர்கோடு சறுக்கிக்கொண்டு இறங்கி நாலாயிரத்தில் தரையைத் தொட்டது. வாரா வாரம் கடைச் சீட்டுகளைக் கூட்டிப் புள்ளி வைத்தாள். ஒரு புள்ளிகூடக் கோட்டைவிட்டு விலகவில்லை. மூன்று வருஷமும் நாலு மாதமும் ஆயின.

கடைசிச் சீட்டோடு போனபோது ஈஸ்வரன் மறுபேச்சுப் பேசவில்லை. கணக்கை முடித்துக் கையெழுத்துப் போட்டு, டீயும் வாங்கிக் கொடுத்தான்.

மறுநாள் பக்கத்து முத்துச்சாமி கடைக்குப் பூவோடு போனாள். அவர் ஒரு கை அள்ளிப் பார்த்தார். இதுவரை யார் கடை என்று விசாரித்தார். பிறகு, விரிந்த பூ என்று பாதி விலை போட்டார். ஒரு மொட்டுகூட விரிந்திருக்கவில்லை. அடுத்த இரண்டு கடைகளிலும் அதே பேச்சு. ஒருவர் ஆளை இன்னொருவர் இழுப்பதில்லை என்று கடைக்காரர்கள் தங்களுக்குள் பேசி வைத்திருப்பதை மூட்டை இறக்குகிறவர்தான் சொன்னார்.

ஐந்து நாளில் கைக்காசு கரைந்தது. ஆறாம் நாள் ஈஸ்வரனிடமே திரும்பினாள். அட்வான்ஸ் வேண்டாம், பூவை மட்டும் எடுத்துக்கொள்ளச் சொன்னாள்.

"அட்வான்ஸ் இல்லாத பூவ நோட்டுல எந்தப் பக்கத்துலக்கா எழுதுறது? அம்பதாயிரம் வாங்கிக்க. பணமாத் திருப்புனா வாங்க மாட்டேன், பூவாத்தேன் கழியணும்."

அவள் மனதுக்குள் ஒரு கணக்குப் போட்டாள். "அப்பக் கிலோவுக்கு நாப்பதாப் பிடிங்க மொதலாளி. வெரசா முடிச்சுக்கிறேன்."

"நாப்பதா? வகுத்துப் பசிக்கு என்னத்தப் போடுவ? ஒன் கஷ்டம் எனக்குத் தெரியாதாக்கா. பத்து போதும்."

தராசைச் சுற்றி நின்றவர்கள் இப்படியொரு முதலாளி யாருக்கு வாய்ப்பார் என்று பேசிக்கொண்டார்கள். ஒருத்தி அவள் தோளை இடித்து, கும்பிடச் சொன்னாள்.

நாற்பது என்றால் ஒரே வருஷம். பத்து என்றால் ஐயாயிரம் கிலோ, நாலு வருஷத்துக்கு மேல் ஈஸ்வரன் வைத்ததுதான் விலை. கோடு இறங்காமல் படுத்துக்கிடக்கும். அதற்குள் அவளுக்கு ஐம்பத்தைந்து நெருங்கிவிடும். பணத்தை எண்ணாமல் வாங்கிப் பைக்குள் வைத்தாள். பூப் பறித்த பெண்களுக்கு ஐந்து நாள் கூலி பாக்கி இருந்தது.