நான் ஏற்றுக்கொண்ட கோல்

இந்திய அகதி முகாமிலிருந்து திரும்பி வந்து நானாட்டானில் ட்ரக்டர் திருத்தும் வேலையில் இருந்தபோது, ஞாயிற்றுக்கிழமைகளில் உதைபந்தாட்டத்துக்கு உதவி மத்தியஸ்தராகப் போவேன். கொடியோடு எல்லைக்கோட்டில் ஓடுகிற வேலை. எங்களுக்குள் எழுதாத சட்டம் ஒன்று இருந்தது. ஒருவர் கொடுத்த தீர்ப்பைப் பிழை என்று மற்றவர் சொல்லக் கூடாது. சொல்லியே ஆகவேண்டுமென்றால், அந்தப் பிழையைத் தானே விட்டதாகச் சொல்ல வேண்டும். உரியவருக்கு விளங்கிவிடும், மானமும் போகாது.

எங்கள் தலைமை மத்தியஸ்தர் ஓய்வுபெற்ற கணக்கு வாத்தியார். 'சேர்' என்போம். கீரி என்ற கடற்கரை ஊரில் ஒரு ஆட்டம். கோல் வலையாகப் பழைய மீன்பிடி வலையைக் கட்டியிருந்தார்கள். கம்பத்துக்கு வெளியே போன பந்து, வலையின் பக்கத்து ஓட்டையால் உள்ளே புகுந்தது. சேர் பார்த்தபோது பந்து உள்ளே கிடந்தது. கோல் என்று ஊதினார். கொடியைத் தூக்குவதா என்று நான் யோசித்து முடிப்பதற்குள் அவர் நடுக்கோட்டுக்குப் போய்விட்டார். உள்ளூர் அணி அந்த ஒரு கோலால் தோற்றது.

ஆட்டம் முடிந்து தேத்தண்ணிக் கடையில் இருந்தபோது மெல்லத் தொடங்கினேன்.

"சேர், நான் ஒருக்கா ஒரு பிழை விட்டனான். பந்து பக்க ஓட்டையால வந்தது. நான் கோல் எண்டு விட்டிட்டன்."

சேர் வாய்ப்பனை மெல்லுவதை நிறுத்தினார்.

"எப்ப?"

"கனகாலம் ஆகேல்ல, சேர்."

"ம். ஆட்டம் துவங்க முந்தி வலையைப் பாக்கோணும் தம்பி. நீர் பாக்காமல் விட்டது பெரிய பிழை."

"ஓம் சேர்."

பக்கத்திலிருந்த மற்றக் கொடிக்காரர் கோப்பைக்குள் முகத்தை மறைத்துக்கொண்டார்.

எங்களுக்குப் பின்னால் தோற்ற அணியின் தலைவர் இருந்ததை யாரும் கவனிக்கவில்லை. கொடிக்காரர், அதாவது நான், சொல்லித்தான் சேர் கோல் கொடுத்தார் என்று கீரி முழுக்கக் கதை பரவியது. அங்கிருந்து மீன் கொண்டுவரும் வியாபாரி அதை நானாட்டானுக்கும் கொண்டுவந்து சேர்த்தார். ட்ரக்டர் டயரோடு வந்த ஒருவர், "அண்ணை, இதில எத்தினை ஓட்டையெண்டு வடிவாப் பாத்துச் சொல்லுங்கோ" என்றார். எனக்குக் கோபமும் சிரிப்பும் சேர்ந்தே வந்தன.

கதை சேரின் காதுக்கும் போயிற்று. அடுத்த ஞாயிறு கீரி மைதானத்தில், எல்லாருக்கும் முன்னால் அணித்தலைவரைக் கூப்பிட்டார்.

"தம்பி, அண்டைக்கு விட்ட பிழை என்ர. இவரில ஒரு குற்றமும் இல்லை."

சுற்றி வளைக்காமல், தன் பிழையைத் தன் பிழையென்றே சொல்லி எங்கள் சட்டத்தை அவர் மீறியது அன்றுதான். ஆனால் அணித்தலைவர் கண் கலங்கிப்போனார்.

"உங்கட மனசு எங்களுக்குத் தெரியும் சேர். கூட வேலை செய்யிறவரை விட்டுக்குடுக்க மாட்டியள்."

"இல்லைத் தம்பி, உண்மையாத்தான்..."

"காணும் சேர். நாங்கள் அதை மறந்திட்டம்."

சொல்லிவிட்டு என்னை ஒரு பார்வை பார்த்தார். மறந்தவரின் பார்வையாக அது தெரியவில்லை. ஆட்டம் முடிந்ததும் சேருக்கு ஒரு பெரிய பாரை மீன் கொடுத்தார்கள். எனக்குக் கைகூடத் தரவில்லை.

பொழுதுபடும் நேரம் சேர் சைக்கிளில் எங்கள் வீட்டுக்கு வந்தார். கையில் அந்தப் பாரையின் பாதி, அதுவும் தலைப்பக்கம். "வீட்டில ரெண்டு பேர்தானே, மிஞ்சிப்போச்சு" என்றார். என் முகத்தைப் பார்க்காமலே திரும்பிப் போனார்.

மனைவி மீனை வாங்கி வைத்துவிட்டு என்னிடம் சொன்னாள்: "எவ்வளவு நல்ல மனிசன். நீங்கள் விட்ட பிழையைத் தன்ர தலையில போட்டதுமில்லாமல், மீனும் கொண்டந்து தந்திட்டுப் போறார்."

"ஓம்" என்றேன். சட்டியை எடுத்துக் கொடுத்தேன்.