கேஸுக்கு மாறிய வீடு

குப்பைத் தொட்டியை உள்ளே இழுக்க வாசலுக்குப் போனவன் அப்படியே நின்றுவிட்டேன். சாலையின் மேல் புதிதாக ஒரு மஞ்சள் கோடு. எதிர்வீட்டுக்காரர் வேலி போடத் தோண்டப் போகிறார் என்பது தெரியும். அமெரிக்காவில் மண்வெட்டியைத் தொடுவதற்கு முன்னால், பூமிக்கடியில் என்னென்ன ஓடுகிறது என்று ஆள் வந்து கோடு போட்டுக் காட்டிவிட்டுப் போவார். நீலம் தண்ணீர்க் குழாய். மஞ்சள் கேஸ். அந்த மஞ்சள் கோடு எங்கள் வாசலைத் தாண்டித்தான் போனது.

செருப்போடு உள்ளே ஓடினேன். "கேஸ் போகுது! நம்ம வாசல்லயே போகுது!"

என் மனைவி அடுப்பை அணைத்துவிட்டு ஜன்னலைத் திறந்தாள். "எங்க? லீக்கா?"

"ஐயோ, லீக் இல்ல. ரோட்டுக்கு அடியில கேஸ் லைன் போகுது. நாம இனிமே ஆயில் வாங்க வேண்டாம்!"

அவள் ஜன்னலை மூடினாள். "அதைக் கொஞ்சம் மெதுவா சொல்லலாம்ல?"

எனக்கு எதையும் மெதுவாகச் சொல்ல வராது. நியூ ஜெர்சியின் மேற்கு ஓரத்தில், மரங்களுக்கு நடுவே இருக்கும் இந்தப் பழைய வீட்டை வாங்கியதும் என் அவசரத்தில்தான். பேஸ்மென்டில் ஒரு எண்ணெய்த் தொட்டி, பக்கத்தில் கரிபிடித்த பாய்லர். அது தண்ணீரைச் சூடாக்கி அறை அறையாக இரும்பு ரேடியேட்டர்களுக்கு அனுப்பும். குளிர்காலத்தில் லாரி வந்து குழாயை நீட்டி எண்ணெய் நிரப்பிவிட்டுப் போகும். பேஸ்மென்டில் காயப்போட்ட துணியில் அந்த வாசனை ஏறிவிடும். அது எனக்குப் பிடித்தேயிருந்தது. பிரச்சினை, அவளுக்குக் குளிர்ந்ததுதான்.

அவளுடைய டீம் கலிஃபோர்னியாவில், சான் ரமோனில் இருக்கிறது. அவர்களுக்கு மதியம் என்றால் இங்கே மாலை. ஆறு மணிக்கு மேல்தான் அவளுக்கு மீட்டிங் எல்லாம். பின்பக்க அறையில், குல்லாவும் சால்வையுமாக, விரல் நுனி வெட்டிய கையுறையோடு டைப் பண்ணுவாள். டெக்ஸாஸில், ஃபிரிஸ்கோவில் இருக்கும் அவள் அண்ணன் வீடியோ காலில் இதைப் பார்த்துவிட்டால் போதும்.

"மாப்ள, என் தங்கச்சியை அண்டார்டிகாவுக்கா கட்டிக்குடுத்தோம்? எங்க தெருவுல ரெண்டு வீடு சேலுக்கு வந்திருக்கு. புது வீடு. பட்டனைத் தட்டுனா சூடு."

"பார்க்கலாம் மச்சான்" என்று சொல்லி வைப்பேன். ஆனால் அவள் சிரிக்காமல் சொன்னது வேறு. "இன்னும் ஒரு குளிர்காலம். அப்பவும் இப்படியே இருந்தா நாம டெக்ஸாஸ் போறோம். சண்டை எல்லாம் போட மாட்டேன். போறோம், அவ்வளவுதான்."

எனக்கு இந்த வீட்டை விட மனமில்லை. அதனால் பழியை எண்ணெய் மேல் போட்டேன். சூட்டைப் பார்த்து பாய்லரை ஓட்டி நிறுத்துவது ஹாலில் இருக்கும் பழைய வட்டத் தெர்மோஸ்டாட்; அதன் முள் சாயங்காலத்தில் ஃபாரன்ஹீட்டில் எழுபத்தாறு, எழுபத்தேழு என்று காட்டும். அதைக் காட்டி, "ஹால் சூடாத்தான் இருக்கு. பழைய பாய்லருக்குக் கடைசி ரூம் வரைக்கும் தள்ளத் தெம்பில்ல. கேஸ் பாய்லர் போட்டா சரியாயிடும்" என்று விளக்கினேன். படம் வேறு வரைந்து காட்டினேன்.

"முள்ளுக்கு ஸ்வெட்டர் வேண்டாம். எனக்குத்தான் வேணும்" என்றாள்.

அந்தக் கோடையில் மாறினோம். டவுன்ஷிப் ஆபீஸில் பெர்மிட், சாலையிலிருந்து வீட்டுச் சுவர் வரை ஒரு பள்ளம், சுவரில் ஒரு மீட்டர். எண்ணெய்த் தொட்டியை உள்ளேயே அறுத்துத் துண்டு துண்டாக பேஸ்மென்ட் படி வழியாக வெளியே கொண்டுபோனார்கள். அது நின்ற இடத்தில் தரையில் நான்கு கால்களின் தடம் மட்டும் இருந்தது. புது பாய்லர் சுவரில் மாட்டிய மருந்து அலமாரி மாதிரி சின்னதாக இருந்தது. தான் எப்போது எரிகிறேன், எப்போது ஓய்கிறேன் என்பதையெல்லாம் என் போனுக்குச் சொன்னது. எனக்குப் பெருமை தாங்கவில்லை. மச்சானுக்குப் போட்டோ அனுப்பினேன்.

நவம்பர் வந்தது. சாயங்காலம் பின்பக்க அறை ரேடியேட்டரைத் தொட்டுப் பார்த்தேன். வெதுவெதுப்பு. அரை மணி கழித்து அதுவும் இல்லை. அவள் கையுறையை மாட்டிக்கொண்டாள். அதற்குப் பிறகு நான் காலை, மாலை என்று பேஸ்மென்டுக்கு இறங்கி ஏறினேன். பாய்லர் போட்டவர் வந்து பார்த்து, மெஷினில் ஒரு குறையும் இல்லை என்று சொல்லிவிட்டுப் போனார். மச்சானிடமிருந்து வீடுகளின் படங்கள் வந்தபடி இருந்தன. இப்போது அவளும் அவற்றைத் திறந்து பார்த்தாள்.

டிசம்பர் ஞாயிறு ஒன்றில் போனில் இருந்த பாய்லரின் கணக்கைத் தாளில் வரிசையாக எழுதினேன். தினமும் மாலை ஆறு மணியிலிருந்து எட்டரை வரை பாய்லர் எரியவே இல்லை. வெளியே பனி கொட்டிய நாட்களிலும் இல்லை. ஆனால் நவம்பரில் ஒரு செவ்வாய், புதன், வியாழன் மட்டும் விடாமல் எரிந்திருக்கிறது.

"இந்த மூணு நாள் மட்டும் நாம என்ன வித்தியாசமா பண்ணோம்?" என்று கேட்டேன்.

அவள் தேதிகளைப் பார்த்தாள். யோசித்தாள். பிறகு எழுந்து ஹாலுக்குப் போய் பூஜை அலமாரி முன்னால் நின்று நிமிர்ந்து பார்த்தாள். சிரிப்பை அடக்க முடியாமல் சுவரில் சாய்ந்துகொண்டாள்.

"அந்த மூணு நாள் நான் விளக்கேத்தல."

வீட்டில் கிழக்குப் பார்த்து சாமி வைக்கத் தோதான ஒரே சுவர் அதுதான். குடிவந்த முதல் நாளே அலமாரியை அங்கே மாட்டியவன் நான். தினமும் ஆறு மணிக்கு இரண்டு குத்துவிளக்கு, ஐந்தைந்து திரி. அவற்றுக்கு நேர் மேலே, ஒன்றரை அடி உயரத்தில், தெர்மோஸ்டாட். பத்துச் சுடரின் வெப்பத்தை வாங்கிக்கொண்டு, வீடு சூடாகிவிட்டது, போதும் என்று அது பாய்லரை நிறுத்தியிருக்கிறது. பாவம், பழைய பாய்லரையும் அப்படித்தான் நிறுத்தியிருக்கும்.

"அந்த மூணு நாளும் நீ ஏத்துன்னு எத்தனை தடவை சொல்லியிருக்கேன்? ஏத்தியிருந்தா இதைக் கண்டுபிடிச்சிருக்கவே மாட்ட. உன் சோம்பேறித்தனத்துக்கு ஒரு பேட்டன்ட் வாங்கு!"

நானும் சிரித்தேன். ஆனால் உள்ளே கூசியது. எண்ணெய் போனதில் வருத்தமில்லை. லாரிக்குக் காத்திருப்பது நின்றது, துணியில் வாசனை இல்லை. அவற்றுக்காக மாறியிருந்தால் சரி. நான் மாறியது வேறு காரணத்துக்காக, அந்தக் காரணம் தப்பு. அதைவிட உறுத்தியது இன்னொன்று. இரண்டு குளிர்காலம் அவள் குளிர்கிறது என்றாள். நான் அவள் அறையில் பத்து நிமிஷம் உட்கார்ந்து பார்க்கவில்லை. ஹாலில் நின்று முள்ளைப் படித்துக்கொண்டிருந்தேன்.

"அலமாரியை மாத்திடலாமா?" என்று கேட்டேன்.

"சாமி எதுக்கு நகரணும்? தெர்மோஸ்டாட் நகரட்டும். என் டேபிள் பக்கத்துல வை. எங்க குளிருதோ அங்கதானே அது இருக்கணும்?"

"அப்போ ஃபிரிஸ்கோ?"

"முதல்ல வயரை இழு. நான் கையுறையைக் கழட்டினா அப்புறம் பேசலாம்."

வரும் சனிக்கிழமை அதைத்தான் செய்யப் போகிறோம். பின்பக்க அறைச் சுவரைத் துளைக்க வேண்டும். உள்ளே பழங்காலத்து மரச்சட்டமும் சுண்ணாம்பும். இதுவரை நான் துளைத்ததில்லை. கீழே பேஸ்மென்டிலிருந்து நான் வயரைச் சுவருக்குள் மேலே தள்ளுவேன். மேலே துளையில் வளைத்த கம்பியை விட்டுக்கொண்டு அவள் காத்திருப்பாள். வயர் எங்கே இடிக்கிறது, இடமா வலமா என்று அவள்தான் மேலேயிருந்து சொல்ல வேண்டும். சொன்ன பக்கம் நகர்த்திப் பார்ப்பதாக இருக்கிறேன்.