நோர்வேப் பண்ணையில் ஒரு ‘போட்டு வாறம்’

“எப்போது வந்து சேருவீர்கள்? சாப்பாடு மேசையில் இருக்கிறது” என்று மாரித் ரெலிபோனில் ஆங்கிலத்தில் கேட்டார். அவருடைய பண்ணையிலிருந்து இரண்டு மணித்தியால ஓட்டத்தில், வேறொரு ஊரின் ஹோட்டலில், பன்னிரண்டு பேருக்கும் அறைச் சாவி பங்கிட்டுக்கொண்டு நின்றேன் நான். அன்று காலையில்தான் அந்தப் பண்ணையை விட்டு மூட்டை முடிச்சோடு வெளிக்கிட்டிருந்தோம். திரும்பிப் போவதாக எந்தத் தாளிலும் இல்லை. அந்தத் தாள்களை எழுதியவளே நான்தான்.

இருபது வருடத்துக்கு மேல் டிராவல் ஏஜென்சி வேலை பார்த்தவள் நான். அதில் என்னை உலுக்கிய நாள் எது என்று கேட்டால் இதைத்தான் சொல்வேன்.

1. பண்ணையை விற்ற கதை

எங்கள் ஒஃபிஸ் மொன்ட்ரியாலில், வில்லரேப் பகுதியில், ‘டெபனர்’ என்கிற மூலைப் பலசரக்குக் கடை ஒன்றுக்கு மேல்மாடியில் இருந்தது. கொழும்பு ரிக்கெற், சென்னை ரிக்கெற், பாரிஸ் ரிக்கெற். இரண்டாயிரத்துக்குப் பிறகு எங்கள் சனத்தின் கையில் கனடியப் பாஸ்போர்ட் வந்துவிட்டது. ஆனால் விடுமுறை என்றால் என்ன செய்வார்கள்? லண்டனில் சித்தப்பா வீடு, பாரிசில் மச்சாள் வீடு, ஒஸ்லோவில் மாமா வீடு. விமானத்தால் இறங்கி ஒரு வீட்டுச் சோஃபா செற்றியிலிருந்து இன்னொரு வீட்டுச் செற்றிக்குப் போய்வருவார்கள். போன நாட்டைப் பார்த்தவர் ஒருவரும் இல்லை. எனக்கு அதில் சரியான எரிச்சல்.

அந்த வருடம் ஒஸ்லோவில் ஒரு கலியாணம் வந்தது. எங்கள் கத்தோலிக்கப் பங்கிலிருந்து பன்னிரண்டு பேர் ரிக்கெற் கேட்டு வந்தார்கள். கலியாணம் சனிக்கிழமை. அதற்கு முன்னால் மூன்று நாள், ஒஸ்லோவுக்கு வடக்கே ஒரு பள்ளத்தாக்கில், உண்மையாகவே மாடு கறந்து வைக்கோல் காயவைக்கிற பழைய பண்ணை ஒன்றில் தங்கலாம் என்று பயணத் தாளான ஐட்டினரறியில் செருகினேன். முதலாளி அண்ணை கண்ணாடியைக் கழற்றிவிட்டு என்னைப் பார்த்தார். இது சரிவந்தால் அடுத்த வருடம் இரண்டு குறூப் விடலாம், பிழைத்ததென்றால் நீர் பழையபடி கொழும்பு ரிக்கெற்தான் என்றார்.

ரொக்ஸ்பரோவில் இருக்கிற அருளப்பு அண்ணைதான் முதலில் வாயைத் திறந்தவர். ஓய்வு பெற்ற மெக்கானிக். எதற்கும் ஒரு நொட்டை சொல்லாவிட்டால் அவருக்குச் சாப்பாடு இறங்காது.

“காசும் குடுத்து, மாட்டுச் சாணியும் அள்ளுறதே?”

எல்லோரும் சிரித்தார்கள். சாணி அள்ளத் தேவையில்லை அண்ணை, சும்மா பார்த்தால் போதும் என்று சமாளித்தேன். அது நான் சொன்ன முதல் பொய். பண்ணையிலிருந்து வந்த விபரத்தாளில் ‘பண்ணை வேலைகளில் பங்குபற்றலாம்’ என்று எழுதியிருந்ததை நானே சரியாகப் படிக்கவில்லை.

காரியத்தை முடித்துவைத்தவர் மொன்ட்ரியால்-நோரில் இருந்த ஞானம்மாக்கா. மன்னார்க்காரி, மணப்பெண்ணின் பெரிய மாமி. கலியாண வீட்டில் எப்படியும் பலகாரச் சட்டிப் புகைக்குள்தான் நிற்கப்போகிறேன், அதற்கு முதல் மூன்று நாள் நல்ல காற்றுப் பட்டால் என்ன என்றார். அவர் போனால் மற்றவர்களும் போவார்கள். குறூப் கன்ஃபர்ம் ஆனது, கூட்டிப்போகிற பொறுப்பு எனக்கு.

2. மாரித்தின் பண்ணை

மரக்குற்றிகளால் கட்டிய கறுத்த வீடுகள், கூரை முழுக்கப் புல். இந்தக் கூரைக்கு மேசனை விட மாடுதான் நல்லது, ஏற்றிவிட்டால் மேய்ந்து துப்புரவாக்கும் என்றார் அருளப்பு அண்ணை. வெட்டிய புல்லைத் தரையில் காயவைக்காமல், கட்டை நட்டுக் கம்பி இழுத்து, உடுப்புக் கொடி போல அதில் தொங்கவிட்டிருந்தார்கள். காலைச் சாப்பாட்டில் ஒரு பாற்கட்டி வந்தது. தொதல் மாதிரிப் பழுப்பு நிறம், இனிப்பும் உப்பும் கலந்த ருசி. ஞானம்மாக்கா கைப்பையிலிருந்து மிளகாய்த்தூள் எடுத்துத் தூவிச் சாப்பிட்டார். மாரித்தும் கேட்டு வாங்கித் தூவிப் பார்த்தார். கண்ணால் தண்ணீர் ஓடியது, ஆனாலும் நன்றாயிருக்கிறது என்றார்.

முதல் நாள் காலை ஆறு மணிக்கே கதவைத் தட்டி, மாட்டுக் கொட்டில் வேலைக்கென்று பன்னிரண்டு சோடி ரப்பர் சப்பாத்தைக் கொண்டுவந்து வைத்துவிட்டார் மனுசி. நான் அருளப்பு அண்ணையின் முகத்தைப் பார்க்கவில்லை. என்ன அதிசயமோ, மூன்றாம் நாள் சாணி அள்ளுகிற சவளை வேறொருவர் கையில் கொடுக்க மாட்டேன் என்று நின்றவர் அவர்தான். ஒரு பசுவுக்குத் தன் மனைவியின் பெயரையும் வைத்துவிட்டார். மனைவி பக்கத்தில்தான் நின்றார்.

ஞானம்மாக்காவுக்கும் மாரித்துக்கும் பொதுவாக ஒரு பாஷையும் இல்லை. மாரித் என்ற பெயர் வாயில் நுழையாமல் ‘மரியம்மா’ என்று கூப்பிட்டார். இருவரும் ஒரே வயது. உருளைக்கிழங்கு உரித்தபடி ஆளுக்காள் தன் பாஷையில் கதைப்பார்கள், தலையாட்டுவார்கள், சிரிப்பார்கள். தேவையென்றால் எங்கள் வான் சாரதி தயாளன் மொழிபெயர்ப்பார். தயாளன் இருபது வருடமாக ஒஸ்லோவில் இருக்கிற யாழ்ப்பாணத்துப் பெடியன்.

ஆட்களைத் தங்கவைக்கத் தொடங்கி இதுதான் முதல் கோடை என்று மாரித் என்னிடம் சொன்னார். பட்டணத்தில் முதியோர் இல்ல வேலையை விட்டுவிட்டு இதில் இறங்கியிருக்கிறார். கணவர் ஊலாவுக்கு இது துண்டாகப் பிடிக்கவில்லை. ஊர்பேர் தெரியாத சனம் வாக்குக் காப்பாற்றாது என்பது அவருடைய கட்சி. ஒரே ஒரு கோடைக்குத்தான் சம்மதித்திருக்கிறார்.

3. வாசலில் நடந்தது

வியாழக்கிழமை காலை பதினொரு மணிக்கு வெளிக்கிட்டோம், சுற்றிப் பார்த்தபடி போய் இரவு வழியில் ஒரு ஹோட்டலில் தங்குவது திட்டம். நான் வவுச்சரில் கையெழுத்து வாங்கி, பெட்டிகளை எண்ணிக்கொண்டிருந்தேன். எங்கள் ஆட்கள் ஒவ்வொருவராக மாரித்தின் கையைப் பிடித்து “போட்டு வாறம்” என்றார்கள். வேறென்ன சொல்வார்கள்? வாசலில் நின்று ‘போறம்’ என்று எங்கள் வீடுகளில் யாராவது சொல்வதுண்டா? சொன்னால் தாய் வாயைப் பொத்துவாள். அது செத்துப் போகிறவர் சொல்லுகிற சொல்.

இவர்கள் என்ன சொல்கிறார்கள் என்று மாரித் கேட்டிருக்கிறார். தயாளன் பெட்டியைத் தூக்கி வைத்தபடி, போய்விட்டு வருகிறார்களாம் என்று சொல்லுக்குச் சொல் பெயர்த்திருக்கிறார். எப்போது வருவீர்கள் என்று மாரித் ஞானம்மாக்காவைப் பார்த்துக் கேட்க, ஞானம்மாக்கா வாய் நிறையச் சிரித்து, “பேந்து வாறம் எண்டு சொல்லும் தம்பி” என்றாராம். பேந்து என்றால் பிறகு. எங்களுக்கு அது நாளைக்கும் ஆகும், பத்து வருடத்துக்கும் ஆகும், ஒருபோதும் இல்லை என்பதற்கும் ஆகும். மாரித்துக்கு அது இன்று பிறகு, பின்னேரம். போதாக்குறைக்கு ஞானம்மாக்கா தோய்த்துப்போட்ட சேலை ஒன்று அந்தப் புல்லுக் கம்பியிலேயே கிடந்துவிட்டது. நீளத் துணி இங்கே காய்கிறது, ஆகவே ஆட்கள் சுற்றிப் பார்த்துவிட்டு வருவார்கள் என்று மனுசி முடிவு கட்டிவிட்டார்.

இதெல்லாம் அந்த ரெலிபோன் அழைப்பில்தான் எனக்கு விளங்கியது. ஆட்டிறைச்சியும் முட்டைக்கோவாவும் போட்டு மத்தியானம் தொடங்கிச் சமைத்திருக்கிறார். இடம் கேட்டு வந்த ஒரு ஜேர்மன் குடும்பத்தை, ஆட்கள் இருக்கிறார்கள் என்று திருப்பி அனுப்பியிருக்கிறார். ஊலா ஒரு மணித்தியாலமாகப் படலையடியில் நின்று றோட்டைப் பார்க்கிறாராம்.

நான் ஆங்கிலத்தில் தொடங்கினேன். அது எங்கள் வழக்கம், நாங்கள் வருகிறோம் என்று சொன்னால் அதற்கு அர்த்தம்... அதோடு நின்றுவிட்டது. அர்த்தம் என்ன? வருகிறோம் என்றோம், ஆனால் வர நினைக்கவில்லை என்பதா? எந்தப் பாஷையில் சொன்னாலும் அது பொய்க்காரரின் கதையாகத்தான் இருந்தது. பத்து நிமிடத்தில் திரும்ப எடுக்கிறேன் என்று ரெலிபோனை வைத்தேன்.

4. ஹோட்டல் வாசலில்

மொன்ட்ரியாலில் அப்போது மத்தியானம். முதலாளி அண்ணைக்கு ரெலிபோன் அடித்தேன். மன்னிப்புக் கேட்டு ஒரு பூங்கொத்து அனுப்பும், திரும்பிப் போகிற விசர் வேலை பார்க்காதையும் என்றார். அவர் சொன்னதிலும் நியாயம் இருந்தது. வெள்ளி காலை ஒஸ்லோவில் பலகாரச் சூடு, கலியாணப் பலகாரம் சுடுகிற சடங்கு. ஞானம்மாக்கா வந்துதான் முதல் எண்ணெய்ச் சட்டி வைக்க வேண்டும் என்று பெண்வீட்டார் காத்திருந்தார்கள். திரும்பிப் போனால் வெள்ளி பின்னேரம்தான் ஒஸ்லோ.

எல்லோரையும் கூப்பிட்டு உள்ளதைச் சொன்னேன். தயாளனின் முகம் செத்துவிட்டது. நான் என்ன செய்ய, நீங்கள் சொன்னதைத்தானே சொன்னேன் என்றார். அருளப்பு அண்ணை, சேலையைத் தபாலில் அனுப்பச் சொல்லுவோம், இரண்டு மணித்தியாலம் திரும்ப ஓடுவதோ என்றார். அவர் கல்நெஞ்சுக்காரர் இல்லை. களைத்திருந்தார். எல்லோருமே களைத்திருந்தோம். உண்மையைச் சொன்னால், நானும் பூங்கொத்துப் பக்கம்தான் சாய்ந்திருந்தேன்.

ஞானம்மாக்கா கையிலிருந்த அறைச் சாவியை என்னிடம் நீட்டினார்.

“என்ரை மூத்தவன் கடைக்குப் போட்டு வாறன் அம்மா எண்டு போனவன். பத்து வருசம் அவனுக்குச் சாப்பாட்டுக் கோப்பை வைச்சனான். வாறன் எண்டு சொன்னவைக்குச் சமைச்சுப்போட்டு இருக்கிறது என்னெண்டு எனக்குத் தெரியும் பிள்ளை. வானைத் திருப்பச் சொல்லும்.”

இத்தனை வருடம் ஒரே கோவிலில் பக்கத்து வாங்கில் இருந்திருக்கிறோம். ஊரில் சண்டை நாட்களில் மகன் காணாமல் போனது தெரியும், கோப்பை வைத்தது தெரியாது. அருளப்பு அண்ணைதான் முதலில் தன் பெட்டியைத் தூக்கிக்கொண்டு வானுக்கு நடந்தார். பூங்கொத்தை நினைத்து எனக்கு வெட்கமாயிருந்தது.

மாரித்துக்கு ரெலிபோன் எடுத்து, எட்டரைக்கு வருவோம் என்றேன். எட்டரைக்கு முதலே போய்ச் சேர்ந்தோம். அங்கே கோடையில் அந்த நேரத்துக்குச் சூரியன் விழாது, நல்ல வெளிச்சம். ஊலா படலையடியில்தான் நின்றார். படலையை அகலத் திறந்துவிட்டார்.

சாப்பாட்டு மேசையில் தயாளன் எல்லாவற்றையும் ஒளிக்காமல் விளங்கப்படுத்தினார். தன் மகனைப் பற்றி மட்டும் சொல்ல வேண்டாம் என்று ஞானம்மாக்கா தடுத்துவிட்டார். மாரித் முதலில் திகைத்தார், பிறகு மேசையில் கையூன்றிச் சிரித்தார். சிரித்து முடித்து ஒரு கேள்வி கேட்டார். அப்படியென்றால் நீங்கள் உண்மையாகவே போகும்போது என்ன சொல்வீர்கள்? எங்களிடம் அதற்கு ஒரு சொல் இருக்கிறது, ஆனால் அதைச் சொல்ல மாட்டோம் என்றார் தயாளன்.

இந்தத் தொழிலுக்குப் புதிதாக வருகிற பிள்ளைகளுக்கு நான் சொல்வது இதுதான். நீங்கள் மனதில் நினைத்தது கணக்கில் வராது. எதிரில் நிற்பவருக்கு என்ன விளங்கியது என்று ஒருமுறை கேளுங்கள். பேந்து சொல்லுறன், பாப்பம், வாறம் என்று விட்டுவிடாமல் நாளும் நேரமும் சொல்லுங்கள். ஊலாவும் மனம் மாறிச் சம்மதித்து, அடுத்து வந்த கோடைகளில் அந்தப் பண்ணைக்குப் போன எங்கள் குறூப் எல்லாவற்றுக்கும், கடைசி நாள் தாளில் புறப்படும் நேரத்துக்குக் கீழே ‘திரும்பி வரமாட்டோம்’ என்று தடித்த எழுத்தில் போட்டேன். பார்த்தவர்கள் சிரித்தார்கள். சிரிக்கட்டும்.

அந்த இரவு பண்ணையிலேயே தங்கினோம். அடுத்த நாள், வெள்ளி காலை எட்டு மணிக்கு வான் தயார். அன்று போல ஒரு பிரியாவிடையை நான் கண்டதில்லை. ‘வாறம்’ என்று சொல்ல வழியில்லை, ‘போறம்’ என்று சொல்ல வாய் வரவில்லை. ஞானம்மாக்காவைத் தவிர மற்றப் பதினொரு பேரும் கையைக் குலுக்கித் தலையை ஆட்டிவிட்டு, ஊமைகள் மாதிரி வானுக்குள் ஏறிக்கொண்டார்கள்.

ஞானம்மாக்கா மடித்த சேலையைக் கக்கத்தில் வைத்துக்கொண்டு மாரித்தின் இரண்டு கைகளையும் பிடித்தார்.

“தம்பி, நான் சொல்லுறதை அப்பிடியே சொல்லும். மரியம்மா, நாங்கள் போறம். எங்களைப் பாத்துக்கொண்டு நிக்கவேண்டாம். எங்களுக்குச் சமைச்சு வைக்கவேண்டாம்.”

தயாளன் அப்படியே சொன்னார். மாரித் விளங்கிவிட்டது என்று தலையாட்டிச் சிரித்தார், நல்ல பயணம் என்று வாழ்த்தினார், வாளியைத் தூக்கிக்கொண்டு மாட்டுக் கொட்டிலுக்கு நடந்தார். படலையடியில் யாரும் நிற்கவில்லை. கொட்டில் கதவு சாத்தும்வரை ஞானம்மாக்கா பார்த்துக்கொண்டு நின்றார்.

பிறகு வானில் ஏறி என் பக்கத்தில் இருந்து குருசு போட்டுக்கொண்டார். வான் பெரிய றோட்டுக்கு வந்த பிறகு, என்னைப் பார்க்காமல் சொன்னார்.

“அவனும் இப்பிடிச் சொல்லிப்போட்டுப் போயிருக்கலாம், பிள்ளை.”