வலைக்கூடத்து ரேஷன் கடை

அன்று காலை ரயில்வே கேட்டில் இருந்தவர்கள் இவர்கள். எங்கள் கிராமத்துக்குப் புதிதாக வந்திருந்த விஏஓ அம்மா. அவருக்கு உதவியாளனாக நான். ஊரில் தலையாரி என்பார்கள். குப்பத்துக்குத் தலைவரான நாட்டார். பீடி பிடித்துக்கொண்டிருந்த கேட் கீப்பர். தண்டவாளத்துக்கு அந்தப் பக்கம், ரேஷன் அரிசிப் பையோடு நண்டு விற்கும் அக்கா. நடுவில் நிலக்கரி ஏற்றிய கூட்ஸ் வண்டி. அது எப்போது நகரும் என்று யாருக்கும் தெரியாது. ஓட்டுகிறவருக்கும் தெரியாது என்றுதான் நினைக்கிறேன்.

வள்ளூர்ப் பக்கம் வந்தவர்களுக்கு அந்த இடம் தெரிந்திருக்கும். எங்கே நின்றாலும் அனல்மின் நிலையத்துப் புகைபோக்கி தெரியும். குப்பத்துக்கு ஒரு பக்கம் கழிமுகம், மறுபக்கம் தண்டவாளம். ரேஷன் கடை, ஆஸ்பத்திரி, பஸ் எல்லாம் தண்டவாளத்துக்கு அந்தப் பக்கம். வண்டி நின்றுவிட்டால் அரை நாள்கூட நிற்கும். ஜனங்கள் வண்டிக்கு அடியில் புகுந்துதான் போவார்கள், வருவார்கள். பையை முதலில் தள்ளிவிட்டு ஆள் பின்னால் வரவேண்டும். இதெல்லாம் எனக்குப் பழகிப்போனது. பழகிப்போனதால் கண்ணில் படுவதில்லை.

அக்கா பையைத் தள்ளினார். குனிந்தார். அப்போது முன்னாலிருந்து அந்தச் சத்தம் வந்தது. பெட்டிகள் ஒன்றையொன்று இழுக்கும்போது கடகடவென்று பின்னால் ஓடி வருமே, அந்தச் சத்தம். அது கேட்டால் குனியக் கூடாது. ஆனால் அக்கா பாதி வந்துவிட்டார். எப்படி உருண்டாரோ, எங்கள் காலடியில் வந்து விழுந்தார். பை உள்ளேயே நின்றுவிட்டது. சக்கரம் அதன்மேல் ஏறியது. வண்டி கொஞ்ச தூரம் போய் மறுபடியும் நின்றது. அவ்வளவு தூரம் போவதற்குத்தான் அது புறப்பட்டது.

விஏஓ அம்மா அப்படியே சரளைக்கல்லில் உட்கார்ந்துவிட்டார். அக்கா புடவையைத் தட்டிவிட்டுக்கொண்டு அவரைப் பார்த்தார்.

"இன்னாம்மா, நீ குந்திக்கினே? நாந்தானே குந்தணும்."

நாட்டார் தண்டவாளத்தில் சிதறிய அரிசியைப் பார்த்துக்கொண்டே சொன்னார், "மாசத்துல ஒரு பை அதுக்குக் குடுத்துர்றோம். ரயிலுக்கும் ரேஷன் கார்டு போட்டுக் குடுத்துடுங்கம்மா."

அம்மா எழுந்து, "உங்க பக்கம் ஒரு கடை வெக்கச் சொல்லிக் கேட்டீங்களா?" என்றார். "கேக்காத நாள் எது?" என்றார் நாட்டார்.

அம்மா மலையில் பிறந்தவர். எந்த மலை என்று எழுத வேண்டாம். நாங்கள் இரண்டு பேரும் வீடு வீடாக நடக்கும்போது அந்த ஊரைப் பற்றிச் சொல்லிக்கொண்டு வருவார். மலைக் கோட்டம் முழுமைக்கும் ஒரே ஒரு சப் கலெக்டர் ஆபீஸ். அவர் ஊரிலிருந்து அங்கே போய்வர ஒரு பகல் சரியாகிவிடும். டாக்டர் செவ்வாய்க்கிழமை வருவார், மழை பெய்தால் வரமாட்டார். பத்து வீடு இங்கே, எட்டு வீடு அங்கே என்று சிதறிக் கிடக்கும். எதைக் கேட்டாலும் ஆள் போதாது என்பதுதான் பதில். பள்ளிக்கூடம் கேட்டால் பிள்ளைகள் போதாது. பஸ் கேட்டால் ஏறுகிறவர்கள் போதாது. நர்ஸ் கேட்டால் பிரசவம் போதாது. அவருடைய அப்பா மனு எழுதி எழுதியே வயதாகிப்போனவராம். ஆள் இருந்தால் எல்லாம் கிடைக்கும் என்று நினைத்துத்தான் இவர் பரீட்சை எழுதி, கீழே இறங்கி இந்த வேலைக்கு வந்திருக்கிறார். வந்த இடம் எங்கள் குப்பம்.

குடிமைப்பொருள் வழங்கல் ஆபீசுக்கு அம்மாவோடு நானும் போனேன். பகுதி நேரக் கடை வைக்க நூறு கார்டாவது வேண்டும் என்றார்கள். எங்கள் குப்பத்தில் அத்தனை வீடு உண்டு, அதற்கு மேலும் உண்டு. ஆனால் கம்ப்யூட்டரில் பார்த்தால் முப்பதுகூடத் தேறவில்லை. அம்மா திரும்பி என்னைப் பார்த்தார். எனக்கு விஷயம் தெரியும். அவர் கேட்கவில்லை என்பதால் சொல்லவில்லை. பஸ்ஸில் வரும்போது சொன்னேன்.

மீன்பிடித் தடைக்காலம் என்று ஒன்று உண்டு. கோடையில் இரண்டு மாதம் விசைப்படகு கடலுக்குப் போகக் கூடாது. அதற்கு அரசாங்கம் நிவாரணம் கொடுக்கும். எங்கள் பக்கத்து மீனவர் சங்கம் பேருக்குத்தான் இருந்தது. இங்கே பதிந்தவர்களுக்கு அந்தப் பணம் தடைக்காலம் முடிந்து, மழைக்காலம் வந்தபிறகு வரும். சென்னையில் காசிமேட்டுத் துறைமுகத்தில் பதிந்தவர்களுக்கு உடனே வந்துவிடும். எங்கள் ஆட்கள் வேலை செய்கிற படகுகள் எல்லாம் காசிமேட்டில் நிற்பவைதான். அங்கே மாமன், மச்சான் வீடு இல்லாதவர் யார்? எல்லோரும் ரேஷன் கார்டை அந்த விலாசத்துக்கு மாற்றிக்கொண்டு அங்கேயே பதிந்துவிட்டார்கள். கார்டு எங்கிருந்தாலும் எந்தக் கடையிலும் அரிசி வாங்கலாம் என்று ஆன பிறகு அதில் கஷ்டமும் இல்லை. வெளிக்கார்டு என்று வரிசையில் கடைசியில் நிற்க வைப்பார்கள், அவ்வளவுதான். குப்பத்தில் அதைப் பெருமையாகச் சொல்வார்கள். நாட்டாரே அம்மாவிடம் சொன்னார்.

"ஒரே மாசத்துல மொத்த குப்பமும் காசிமேட்டுக்குக் குடி பூட்ச்சிம்மா. ஒருத்தன் பாயைச் சுருட்டல."

அம்மா சிரிக்கவில்லை. "எங்க மலையில ஆள் இல்லாம அழுவோம். ஆள் இருந்தும் இல்லைன்னு எழுதிக் குடுத்துட்டு வந்த ஊரை இங்கதான் பார்க்கிறேன்" என்றார்.

நாட்டாருக்கு அது தைத்துவிட்டது. முகம் மாறியது. கூட்டம் போட ஒப்புக்கொண்டது அதனால்தான் என்று நினைக்கிறேன்.

கூட்டம் கங்கையம்மன் கோயில் வாசலில் நடந்தது. அன்று வெள்ளிக்கிழமை. கார்டைத் திரும்ப இந்த விலாசத்துக்குக் கொண்டுவாருங்கள், நூறு சேர்ந்தால் கடை வரும் என்றார் அம்மா. கார்டு இங்கே வந்தால் காசிமேட்டில் பேரை எடுத்துவிடுவார்கள், நிவாரணம் போய்விடும் என்றார்கள் ஆண்கள். தடைக்காலத்தில் அந்தப் பணம்தான் சோறு. அது பொய் இல்லை. பெண்கள் பக்கத்திலிருந்து நண்டு அக்காதான் எழுந்தார்.

"நீங்க கடல்ல கீறீங்க. வண்டிக்கு அடில பூர்றது யாரு? என் மருமவ அஞ்சு மாசம். அவளுக்கு குனிய வருமா? நீ வந்து குனியிறியா, நைனா?"

அந்த நைனா அவருடைய சொந்தத் தம்பி. தலையைக் குனிந்துகொண்டார்.

அம்மா அப்போது அந்த வார்த்தையைச் சொன்னார். "நிவாரணம் போகாது. இங்க சங்கத்துல உங்க எல்லாரையும் சேர்க்கச் சொல்லி நான் எழுதறேன். தடைக்காலத்துக்கு முன்னாடி சேர்த்திடுவாங்க. இது என் பொறுப்பு."

"உன்ன ட்ரான்ஸ்பர் பண்ணிட்டா?" என்று பின்னாலிருந்து ஒரு பையன் கேட்டான்.

"நான் போனாலும் ஃபைல் இருக்கும்" என்றார்.

ஃபைல் இருக்கும். முப்பது வருடம் அதைத் தூக்கிச் சுமந்தவன் நான். அது எங்கேயும் போகாது. இருக்கும்.

ஆனால் அன்று அவர் முகத்தைப் பார்த்தால் நம்பத் தோன்றும். நானும் நம்பினேன். நாட்டார் முதலில் தன் கார்டைக் கொடுத்தார். அதற்குப் பிறகு மறுக்க ஆள் இல்லை. இரண்டு மாதம் இ-சேவை மையத்துக்குக் கும்பல் கும்பலாகக் கூட்டிக்கொண்டு போனேன். கைரேகை விழாத கிழவர்கள், உப்பில் ஊறின விரல்கள். தேய்த்துத் தேய்த்து வைத்தார்கள். நூறு தாண்டிவிட்டது. கடைக்கு இடம் இல்லை என்று ஆபீசில் இழுத்தபோது, வலை பின்னும் கூடத்தையே எடுத்துக்கொள்ளுங்கள் என்று குப்பத்தார் கொடுத்துவிட்டார்கள். இருந்த நிழல் அது ஒன்றுதான். வலையை வெயிலில் போட்டுக்கொண்டு உட்கார்ந்தார்கள்.

உத்தரவு வந்தது. வாரத்துக்கு இரண்டு நாள் கடை. அதே வாரம் இன்னொரு உத்தரவும் வந்தது. அம்மாவைப் பொன்னேரிக்கு அந்தப் பக்கம் மாற்றியிருந்தார்கள். காரணம் எதுவும் இல்லை. மாற்றல் காலம், மாற்றினார்கள். போகும்போது ஃபைலை என் கையில் கொடுத்து, "அண்ணே, இதை மட்டும் விட்டுடாதீங்க" என்றார். புதிதாக வந்தவரின் மேசையில் வைத்தேன். தினமும் ஞாபகப்படுத்தினேன். சங்கத்துக்கு அனுப்பியாயிற்று என்றார். சங்கத்தில் வந்துவிட்டது என்றார்கள். எல்லா இடத்திலும் இருந்தது.

கடை திறந்த அன்று நண்டு அக்கா அரிசி வாங்கி முகர்ந்து பார்த்து, "வல வாசன அடிக்கிது" என்றார். "கலீஜா கீதேன்னு நெனைக்காத. இது நம்ம வாசன" என்றார் நாட்டார். மருமகள் வயிற்றைத் தள்ளிக்கொண்டு நடந்தே வந்து, சர்க்கரை வாங்கிக்கொண்டு நடந்தே போனாள். கேட்டில் வண்டி நின்றுகொண்டிருந்தது. அதைத் திரும்பிப் பார்த்தவர் இல்லை.

தடைக்காலம் வந்தது. காசிமேட்டில் போய்க் கேட்டால் உங்கள் பேர் இங்கே இல்லை என்றார்கள். இங்கே கேட்டால் சேர்க்கும் கெடு முடிந்துவிட்டது, அடுத்த வருடம் பார்க்கலாம் என்றார்கள். நாட்டாரும் நானும் எத்தனை படி ஏறினோம் என்று சொல்லிப் பயனில்லை. ஆண்களில் பாதிப்பேர் கொருக்குப்பேட்டை கூட்ஸ் ஷெட்டுக்கு மூட்டை தூக்கப் போனார்கள். கடலில் வேலை செய்கிறவனுக்கு மூட்டை வேறு பாரம். அது முதுகில் வேறு இடத்தில் வலிக்கும். அக்காவின் தம்பி திரும்பி வந்தபோது நேராக நிற்க முடியவில்லை.

அம்மாவுக்கு ஒரு போன் போடலாமா என்று நாட்டாரைக் கேட்டேன். வேண்டாம் என்றார்.

"அது நம்பிச் சொல்லிச்சி, நாம நம்பிச் செஞ்சோம். இப்ப சொன்னா இன்னா பண்ணும் பாவம், ராத்திரி தூங்காது. வுடு. அரிசி வருதில்ல?"

அரிசி வந்தது. வெறும் அரிசியை வைத்துக்கொண்டு அந்த இரண்டு மாதத்தை ஓட்டினார்கள். குப்பத்தில் ஒருவர்கூட அம்மாவைக் குறை சொல்லி நான் கேட்கவில்லை. அடுத்த வருடத்திலிருந்து நிவாரணம் ஒழுங்காக வர ஆரம்பித்தது. போன வருடத்தது போனதுதான்.

எனக்கு ஓய்வு கொடுத்துவிட்டார்கள். இப்போது திருவொற்றியூரில் மகன் வீட்டில் இருக்கிறேன். போன மாதம் சுங்கச்சாவடி பஸ் ஸ்டாப்பில், மெட்ரோ பாலத்து நிழலில் நின்றுகொண்டிருந்தேன். "அண்ணே" என்று குரல். அம்மாதான். தலை நரைத்திருந்தது. கண்ணாடி போட்டிருந்தார். மாற்றி மாற்றி ஆறு ஊர் பார்த்துவிட்டேன் என்றார். நாட்டார் காலமாகிவிட்டதைச் சொன்னேன். கைப்பையைத் தோள் மாற்றிக்கொண்டு கேட்டார்.

"கடை நடக்குதா?"

"நடக்குதும்மா."

"அந்த மருமகளுக்கு என்ன கொழந்தை?"

"பையன். இப்ப ஸ்கூலுக்குப் போறான்."

பஸ் ஒன்று வந்து நின்று போனது. அது அவருடையதா என்று தெரியவில்லை. அவர் ஏறவில்லை.

"நிவாரணம் எல்லாருக்கும் வந்துச்சா அண்ணே? நான் சொல்லிட்டு வந்தேனே."

நாட்டார் இருந்திருந்தால் வேறு ஏதாவது சொல்லியிருப்பார். எனக்கு அப்படிப் பேச வராது.

"அந்த வருசம் வரலம்மா. அப்புறம் வந்திச்சி."

கண்ணாடியைக் கழற்றினார். துடைத்தார். மறுபடி போட்டுக்கொள்ளவில்லை.

"எத்தனை வீட்டுக்கு வரல?"

அது எனக்குத் தெரியும். ஒவ்வொரு வாசலிலும் நின்று, இந்த வருடம் இல்லை என்று சொன்னவன் நான்தான்.

நூற்றுப் பதினான்கு.