கம்பிக்கும் தலைக்கும் நடுவே

இடம் இருந்தும் நின்றுகொண்டு வருகிறவர்களைப் பார்த்தால் எனக்கு எரிச்சல் வரும். கரியாலூர் பஸ்ஸில் அவர் அப்படித்தான் நின்றார். நரைத்த மீசை, கோணிப்போன விரல்கள். பள்ளிப் பெண்களுக்கு ஹேண்ட்பால் கோச். கள்ளக்குறிச்சியில் மேட்ச் தோற்றுவிட்டு ஊர் திரும்புகிறார்கள். முதுகில் நம்பர் போட்ட பனியனோடு எல்லாப் பெண்களும் தூங்கிவிட்டார்கள். ஜன்னலோரம் தூங்கிய ஒருத்தியின் தலைக்கும் கம்பிக்கும் நடுவே அவர் உள்ளங்கையை வைத்திருந்தார்.

"உக்காருங்க சார்," என்றேன்.

"பரவால்லீங்க. இதுதான் எங்க கோல்கீப்பரு. கடைசி நேரத்துல ஒரு கோல உட்டுட்டு, அளுதுகினே தூங்கிடுச்சி."

"திட்டினீங்களா?"

"இன்னான்னு திட்றது? நானும் கோல்கீப்பருதான். கம்பெனி டீமுல சம்பளம் வாங்கி ஆடினவன்."

"அப்போ நிறைய கோல் தடுத்திருப்பீங்க."

"தடுத்தது ஒண்ணும் ஞாபகம் இல்லீங்க. உட்டதுதான் கண்ணுலயே நிக்குது."

மலை வளைவில் பஸ் சட்டென்று திரும்பியது. அந்தப் பெண்ணின் தலை வேகமாகச் சாய, அவருடைய விரல் முட்டி கம்பியில் டக்கென்று இடித்தது. பார்த்த எனக்கே வலித்தது. அவள் கண் விழிக்கவில்லை.

கையை எடுக்காமலே என்னைப் பார்த்துச் சிரித்தார்.

"இத உடலீங்க."